பாகுபாடும் உடல்நலமும்: உளவியல் ஆய்வு வேலைக்கு நெல்லையிலிருந்து தயாராவது எப்படி?

நிறவெறி, சாதிப் பாகுபாடு ஆகியவை மனிதரின் ரத்த அழுத்தத்தையும் தூக்கத்தையும் மனநிலையையும் எப்படிப் பாதிக்கின்றன என்று ஆராயும் குழுக்கள் உலகெங்கும் இருக்கின்றன. அவற்றுக்கு ஆய்வு உதவியாளர்கள் தேவை. பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் உளவியல் படித்துவிட்டு, கவுன்சலிங்கைத் தவிர வேறு வேலையே இல்லை என்று நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: அடிப்படையைப் படியுங்கள்

இரண்டு பெயர்களிலிருந்து தொடங்கலாம். தொடர்ந்த ஒதுக்குதலும் நெருக்கடியும் அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் உடலை வயதுக்கு முன்பே தேய்த்துவிடுகின்றன என்ற கருதுகோளை 1992இல் அமெரிக்கப் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆர்லின் ஜெரோனிமஸ் முன்வைத்தார். 1997இல் சமூகவியலாளர் டேவிட் வில்லியம்ஸும் சகாக்களும் அன்றாடப் பாகுபாட்டை அளக்க 9 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். மரியாதைக் குறைவாக நடத்துகிறார்களா, கடையில் மற்றவர்களைவிட மோசமாகக் கவனிக்கிறார்களா என்று கேள்விகள் போகும். 'கிட்டத்தட்ட தினமும்' முதல் 'ஒருபோதும் இல்லை' வரை பதில்கள். நிறம், இனம் என்ற பேச்சே அந்த ஒன்பதில் கிடையாது. எல்லாம் முடிந்த பிறகுதான், இதற்கு என்ன காரணம் என்று நினைக்கிறீர்கள் என்ற கேள்வி வரும்.

அந்த வரிசையில்தான் சூட்சுமம் இருக்கிறது. எடுத்த எடுப்பிலேயே "சாதியால் அவமானப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டுப் பாருங்கள். ஒன்று, பேச்சு நின்றுபோகும்; இல்லையென்றால், நீங்கள் எதிர்பார்க்கும் பதிலே வரும்.

நிறவெறியும் சாதியும் ஒன்றல்ல என்பதையும் மறக்க வேண்டாம். தோலில் தெரியாததை இங்கே "எந்த ஊர்? ஊரில் எந்தத் தெரு?" என்ற இரண்டு கேள்விகளே காட்டிக்கொடுத்துவிடும். பள்ளிப் பிள்ளைகளின் மணிக்கட்டில் வண்ணக் கயிறு காட்டிக்கொடுக்கும். 2023இல் நாங்குநேரியில் பட்டியலின மாணவர் சக மாணவர்களால் தாக்கப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, அந்தக் கயிறுகளுக்குத் தடை விதிக்க வேண்டும் என்று 2024 ஜூனில் தந்த அறிக்கையில் பரிந்துரைத்தது. வெளிநாட்டுக் கட்டுரைகளுக்கு முன்னால் அந்த அறிக்கையைப் படியுங்கள் என்பேன்.

படி 2: கையால் செய்யும் வேலையைக் கற்றுக்கொள்ளுங்கள்

ரத்த அழுத்தம் பார்ப்பது எளிது என்று நினைப்பவர்கள், முக்கூடல் பக்கம் பீடி சுற்றும் ஒரு பெண்ணின் வீட்டில் அதைச் செய்வதைக் கற்பனை செய்து பாருங்கள். அவர் தரையில், மடியில் சுளகோடு குனிந்து உட்கார்ந்திருப்பார். நமக்கோ அவர் முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பதிந்து, கை இதய மட்டத்தில் தாங்கலோடு இருக்க வேண்டும். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீயோ புகையிலையோ கூடாது. ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். பட்டையைச் சேலைத் துணிமேல் சுற்றக் கூடாது. ஒரு நிமிடம் விட்டு இரண்டாம் முறையும் பார்க்க வேண்டும். அவருக்குக் கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்றுதான். நாம் கேட்கும் ஒவ்வொரு நிமிடமும் அவர் காசு. பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், பாகுபாடு பற்றிய கேள்வித்தாளை எடுக்கவே எடுக்காதீர்கள். தனிமை கிடைக்கும் நேரத்தைக் கேட்டுக்கொண்டு திரும்பி வாருங்கள்.

இதையெல்லாம் இப்போது வீட்டாரிடம் பழகினால் போதும். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் பங்கேற்பாளரின் ஒப்புதலும் இல்லாமல் ஊருக்குள் போய்த் தரவு திரட்டக் கூடாது. ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம்) 2017இல் வெளியிட்ட நெறிமுறை வழிகாட்டியில் விவரம் இருக்கிறது.

படி 3: கொஞ்சம் புள்ளியியல்

ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவச மென்பொருள்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின் தரவை, காரணம் எழுதிப் பதிவு செய்தால் இலவசமாகப் பெறலாம். ரத்த அழுத்தமும் சமூகப் பிரிவும் அதில் உண்டு, ஒப்பிட்டுப் பழகுங்கள். ஆனால் பிரிவுகளுக்கிடையே வித்தியாசம் தெரிந்தவுடன் "பாகுபாடுதான் காரணம்" என்று எழுதிவிடாதீர்கள். வருமானம், படிப்பு, உணவு என்று எத்தனையோ குறுக்கே நிற்கின்றன.

படி 4: எங்கே தேடுவது?

ஐசிஎம்ஆர், ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சி மன்றம்) நிதியில் நடக்கும் திட்டங்களுக்குப் பல்கலைக்கழகங்கள் தங்கள் இணையதளத்தில் ஆள் கேட்டு அறிவிப்பு வெளியிடும். அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்தின் அறிவிப்புகளையும் பார்த்துவாருங்கள். அமெரிக்க அறிவிப்பு என்றால், விசாவைப் பற்றிய வரியை முதலில் படியுங்கள். பல இடங்களில் உதவியாளர் வேலைக்கு விசா ஏற்பாடு செய்வதில்லை.

படி 5: விண்ணப்பக் கடிதம்

"சிறுவயது முதலே மனித மனத்தின்மீது எனக்குத் தீராத ஆர்வம்" என்று தொடங்கும் கடிதம் குப்பைக்குத்தான் போகும். "தரையில் அமர்ந்து வேலை செய்பவர்களிடம் ரத்த அழுத்தம் எடுக்கப் பழகியிருக்கிறேன், நெல்லைத் தமிழில் நேர்காணல் நடத்த முடியும், குடும்பநலக் கணக்கெடுப்புத் தரவில் இந்தப் பகுப்பாய்வைச் செய்தேன்" என்று எழுதுங்கள். உண்மையில் செய்திருந்தால் மட்டும். பரிந்துரைக் கடிதம் வேண்டுமென்று பேராசிரியரிடம் கடைசி நாளில் போய் நிற்காதீர்கள்.

நேர்காணலில் "ஏதாவது கேட்க வேண்டுமா?" என்பார்கள். சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: களத்தில் கனமான கதைகளைக் கேட்டுவிட்டு வரும் உதவியாளர் மனம்விட்டுப் பேசக் குழுவில் யார் இருக்கிறார்கள்?