கிளி இறகைப் பிடுங்குகிறதா? முதலில் எண்ணெய் பாட்டிலைக் கீழே வையுங்கள்

நெஞ்சு மொட்டையான ஒரு கிளியின் படம் வாட்ஸ்அப்பில் வரும், கூடவே "அண்ணா, இதுக்கு என்ன தடவலாம்?" என்று ஒரு கேள்வியும் வரும். கேள்வியிலேயே பாதித் தவறு இருக்கிறது. ஆப்பிரிக்கன் கிரே, காக்கட்டூ, கோனூர் என்று வெளிநாட்டுக் கிளிகள் வளர்ப்பவர்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டார்கள், முன்பு நாங்கள் எல்லாம் தடுக்கி விழுந்த அதே இடங்களில்தான் இப்போது அவர்களும் விழுகிறார்கள். கூண்டைக் கழுவு, தண்ணீரை மாற்று என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் நான் போகவில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதால் அதையும் இங்கே பேசவில்லை.

தலையைப் பார்க்காமல் முடிவு கட்டுவது

கிளியின் அலகு அதன் தலைக்கு எட்டாது. அதனால் நெஞ்சு, தொடை, இறக்கையின் உள்பக்கம் எல்லாம் மொட்டையாகி தலையில் மட்டும் இறகு மினுமினுவென்று இருந்தால், அது தானே பிடுங்கிக்கொள்கிறது. தலையிலும் இறகு இல்லை என்றால் கதை வேறு. கூட இருக்கும் பறவை பிடுங்குகிறது, அல்லது அலகையும் இறகையும் தாக்கும் பி.பி.எஃப்.டி. போன்ற வைரஸ் நோயாக இருக்கலாம். பி.பி.எஃப்.டி. இறகுத் தூசியிலும் எச்சத்திலும் பரவும், ஆகவே டாக்டர் பார்க்கும் வரை அந்தக் கிளியை மற்றவற்றிடமிருந்து தனி அறைக்கு மாற்றிவிடுங்கள்.

இறகு உதிர்காலத்தைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. உதிர்காலத்தில் கூண்டுக்கு அடியில் இறகு கிடக்கும், ஆனால் உடம்பில் வெறும் தோல் தெரியாது, ஊதிப் பார்த்தால் உள்ளே உறையோடு புது இறகுகள் முள் முள்ளாக முளைத்திருக்கும்.

எண்ணெய் தடவுவது

இதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு இன்னமும் கோபம் வருகிறது.

திருப்பூர் பக்கம் ஒரு நண்பர், அவரிடம் நன்றாகப் பேசக்கூடிய ஓர் ஆப்பிரிக்கன் கிரே. நெஞ்சில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு மொட்டை விழுந்தபோது, பறவை விற்ற கடைக்காரர் "பேன்தான் சார், வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைச்சுப் போடுங்க, ஒரே வாரத்துல சரியாயிடும்" என்றிருக்கிறார். வீட்டில் பாசமாக அதோடு தேங்காய் எண்ணெயும் சேர்த்து, பஞ்சில் தொட்டு, தினமும் தடவினார்கள். நான் போய்ப் பார்த்தபோது கிளி கூண்டின் மூலையில் உப்பிக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தது. மார்கழிக் குளிர் வேறு. மொட்டை நாணயம் அளவைத் தாண்டி வயிறு முழுக்கப் பரவியிருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்று சொல்லிவிடுகிறேன். இறகின் நுண்ணிய இழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்துக்கொண்டிருக்கின்றன, அந்தக் கோப்புதான் காற்றைப் பிடித்து வைத்து உடம்புச் சூட்டைக் காக்கிறது. பறவையின் உடம்புச் சூடு நம்முடையதைவிட அதிகம், சுமார் 40, 41 டிகிரி செல்சியஸ். எண்ணெய் பட்டதும் இழைகள் ஒட்டிக்கொள்ளும், காற்று தங்காது, சூடு வெளியேறிவிடும். அதிலும் ஆப்பிரிக்கன் கிரேயும் காக்கட்டூவும் இறகிலிருந்து வெள்ளைப் பொடி உதிர்க்கும் இனம், கையில் ஏற்றி இறக்கினாலே சட்டையில் மாவு மாதிரி ஒட்டும். அந்தப் பொடியும் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்து பிசினாகி, இறகுகள் திரி திரியாக முறுக்கிக்கொண்டிருந்தன. உடம்பில் எது ஒட்டினாலும் கோதி எடுக்கத்தான் கிளி பார்க்கும். எண்ணெயை எடுக்கப் போய் இன்னும் நிறைய இறகைப் பிடுங்கும், எடுத்ததை விழுங்கவும் செய்யும். பிடுங்குவதை நிறுத்தத் தடவிய மருந்தே பிடுங்குவதற்குப் புதுக் காரணமாகிவிடுகிறது.

அப்புறம் பறவைகளைப் பார்த்துப் பழகிய டாக்டரிடம் கொண்டுபோனோம். வெதுவெதுப்பான நீரில் மென்மையாகக் கழுவி, சூடேற்றி, கொஞ்சம் தேறியபின் எக்ஸ்ரே எடுத்தார். இரைப்பையில் உலோகத் துணுக்குகள். கூண்டு ஜி.ஐ. வலையில், அதாவது துத்தநாக முலாம் பூசிய இரும்பு வலையில், உள்ளூரில் அடித்தது, கம்பி இணையும் இடங்களில் முலாம் வெள்ளை வெள்ளையாகப் பொரிந்திருந்தது. கிளி அலகால் கம்பியைக் கவ்விக் கவ்வித்தானே ஏறும்! ரத்தத்தில் துத்தநாகம் கூடியிருந்தது, அதை வெளியேற்ற ஊசி போட வேண்டியதாயிற்று. கூண்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு மாற்றியபின் பறவை பிழைத்தது. ஆனால் நெஞ்சின் நடுவில் இறகு இன்றுவரை முளைக்கவில்லை. ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் பிடுங்கினால் இறகு முளைக்கும் குழியே கெட்டுப்போகும். எண்ணெய் தடவிக் கழித்த அந்த நாட்களில் போன குழிகள் அவை.

வேப்பெண்ணெய், தேங்காய் எண்ணெய், மஞ்சள், கற்றாழை, மனிதர்களுக்கான தோல் களிம்பு, எதுவும் வேண்டாம். கொஞ்சமாகத் தடவினால் பரவாயில்லையா என்று கேட்காதீர்கள். பரவாயில்லை என்று நான் சொல்லவே மாட்டேன். தோல் வறண்டிருப்பதாகத் தோன்றினால் காலை வெயில் நேரத்தில் வெறும் தண்ணீரை ஸ்பிரே பாட்டிலில் பனித்தூறல் மாதிரி அடித்துவிடுங்கள், அதுவே போதும்.

பேன் ஸ்பிரே

வீட்டுக் கூண்டுக் கிளி பேனால் இறகு பிடுங்குவது அபூர்வம். டாக்டர் சோதித்துச் சொல்லாமல் அடிக்காதீர்கள்.

"மனசு சரியில்லை" என்று விட்டுவிடுவது

தனிமையும் சலிப்பும் பெரிய காரணங்கள்தான், ஆனால் அவை கடைசியாகச் சொல்ல வேண்டியவை. ரத்தம், எச்சம், எக்ஸ்ரே பார்த்து, உலோக நஞ்சு, தொற்று, கல்லீரல் கோளாறு எதுவும் இல்லை என்றான பிறகுதான் மனசுக்குப் போக வேண்டும். டாக்டரிடம் போகும்போது கூண்டின் படம், கொடுக்கும் தீனியின் பட்டியல், பிடுங்குவது காலையிலா மாலையிலா நீங்கள் வெளியே கிளம்பியதுமா என்ற குறிப்பு, இவற்றையும் கொண்டுபோங்கள். சமையலறை டிஜிட்டல் தராசில் தினமும் காலையில் தீனிக்கு முன் எடை பார்த்து எழுதி வைத்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் சாம்பிராணி, கொசுவர்த்தி, ஊதுபத்தி கொளுத்துகிறீர்களா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

சூரியகாந்தி விதை மட்டும் போடுவது

கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ-யும் கால்சியமும் கிடைக்காது. தோல் வறண்டு அரிக்கும். ஆப்பிரிக்கன் கிரேவுக்குக் கால்சியம் குறைந்தால் வலிப்பே வரும். பெல்லட்டுக்கு, அதாவது கிளிகளுக்கென்றே சத்துகள் சேர்த்துச் செய்த குருணைத் தீனிக்கு, மெதுவாக மாற்றுங்கள், கூடவே முருங்கைக்கீரை, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு கொடுங்கள். ஒரே நாளில் விதையை நிறுத்தினால் கிளி பட்டினி கிடந்து சாகவும் கூடும், அவசரம் வேண்டாம்.

பிடுங்கும்போதெல்லாம் ஓடிப்போய்த் திட்டுவது

கிளிக்குத் திட்டும் ஒரு கவனிப்புதான். இறகைப் பிடித்து இழுத்தால் ஆள் ஓடி வருகிறான் என்று ஓரிரு நாளிலேயே கற்றுக்கொள்ளும். அது பேசாமல் விளையாடிக்கொண்டிருக்கும்போது போய்ப் பேசுங்கள். காட்டில் கிளிக்குப் பகலில் பெரும்பகுதி தீனி தேடுவதிலேயே போகும், நாமோ கிண்ணத்தில் கொட்டிவிட்டு ஆபீஸ் போகிறோம். தீனியை அச்சில்லாத வெள்ளைத் தாளில் பொட்டலம் கட்டி, தென்னை ஓலையில் சொருகி, கூண்டில் அங்கங்கே தொங்கவிடுங்கள். கிழித்துக் கிழித்துத் தின்னட்டும். பழந்துணியைத் தொங்கவிடாதீர்கள், நூலில் கால் சிக்கும்.

முதுகைத் தடவிக் கொஞ்சுவது

தலையையும் கழுத்தையும் மட்டும் சொறிந்துவிடுங்கள். முதுகையும் வாலடியையும் தடவுவது கிளியின் கணக்கில் இணை சேர்வதற்கான அழைப்பு. அது நிறைவேறாத தவிப்பில் இறகு பிடுங்கும் கிளிகள் நிறைய. கூண்டுக்குள் பானையோ இருட்டுப் பெட்டியோ இருந்தால் அதையும் முட்டையிடும் கூடு என்று எடுத்துக்கொள்ளும், எடுத்துவிடுங்கள்.

ராத்திரி பதினோரு மணி வரை சீரியல் ஓடும் ஹாலில் கூண்டை வைப்பது

10 முதல் 12 மணி நேரம் இருட்டும் அமைதியும் வேண்டும்.

துணைக்கு இன்னொன்று வாங்குவது

வேண்டாம். இரண்டும் மொட்டையாகலாம்.

கழுத்தில் காலர் மாட்டுவது

அலகு உடம்புக்கு எட்டாமல் தடுக்கும் இந்த வளையம், தோலைக் கிழித்து ரத்தம் வரவழைக்கும் கிளிக்கு, டாக்டர் மாட்டினால் மட்டும். வெறும் இறகு பிடுங்கும் கிளிக்கு மாட்டினால் அது தின்னாமல் மிரண்டு, கழற்றிய அன்றே இரண்டு மடங்கு பிடுங்கும்.

ஒரே மாதத்தில் பலன் எதிர்பார்ப்பது

பிடுங்கிய இடத்தில் இறகு திரும்ப முளைக்க வாரங்கள் ஆகும், பாதி ஒடித்துவிட்ட இறகு என்றால் அடுத்த உதிர்காலம் வரை காத்திருக்க வேண்டும். முளைக்கும் புது இறகில் ரத்தம் ஓடும், அது ஒடிந்தால் நிறையக் கசியும். சோளமாவை (கார்ன்ஃப்ளார்) வைத்து விரலால் அழுத்திப் பிடியுங்கள், சில நிமிடத்தில் நிற்கவில்லை என்றால் உடனே டாக்டரிடம் கிளம்புங்கள்.