உலக சமாதானம் பத்தி நம்ம ஊர்ல கூட்டம் போடணும்னா

மக்கா, நோட்டீஸ்ல "உலக அமைதியும் நாமும்"னு மட்டும் அடிச்சுராதீங்க. நாங்க முதல் தடவை அப்படித்தான் அடிச்சோம். மூணு பேரு மாத்தி மாத்தி மைக்கைப் பிடிச்சு ரெண்டு மணி நேரம் ஐநா, பாதுகாப்பு கவுன்சில், வீட்டோன்னு பேசினாங்க, முன்வரிசையில இருந்த வள்ளக்காரங்க ஒவ்வொருத்தரா சாயா குடிக்க எழும்பிப் போனாங்க, திரும்பி வரல. அவங்க மேல தப்பே இல்ல, அவங்க கேக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல.

அதனால ஒரே ஒரு சம்பவத்தை எடுங்க, நம்ம ஆளுங்களைத் தொட்டதா இருக்கட்டும். நான் சொல்றது என்ரிகா லெக்சிங்கற கப்பல் சம்பவம். 2012 பிப்ரவரி 15, கேரளாவுக்கு வெளிய கடல்ல இத்தாலி எண்ணெய்க் கப்பல்ல காவலுக்கு இருந்த அந்நாட்டு கடற்படைக்காரங்க கடற்கொள்ளைக்காரங்கன்னு நினைச்சு செயின்ட் ஆன்டனி போட்டைச் சுட்டாங்க, ரெண்டு மீனவர் செத்துப்போனாங்க, அதுல ஒருத்தர் நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பையன், போட்டும் நம்ம மாவட்டத்துக்காரரோடது. சுட்டவங்களை விசாரிக்கிற உரிமை இந்தியாவுக்கா இத்தாலிக்கா, கேள்வி இது ஒண்ணு போதும்.

நாள் குறிக்கும்போது ஜூன் 1-லருந்து ஜூலை 31 வரைக்கும் உள்ள தடைக்காலத்தைப் பாருங்க, விசைப்படகுக்காரங்க கரையில இருப்பாங்க, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்னா பொம்பளைங்களும் வர முடியும். அவங்களுக்கும் மைக் போகணும், ஓரமா உக்காந்து கேட்டுட்டுப் போறதுக்கு இல்ல. செத்தவங்க குடும்பத்தை மேடையில ஏத்தாதீங்க, அவங்களா வந்து பேசணும்னா பேசட்டும், வேடிக்கைப் பொருளாக்கக் கூடாது.

புரொஜெக்டர் எல்லாம் வேண்டாம். தரையில சாக்பீஸால ஒரு கோடு, அது கரை. ஒரு கடல் மைலுக்கு ஒரு சென்டிமீட்டர்னு வச்சு 12-ல ஒரு கோடு, 24-ல ஒண்ணு, 200-ல ஒண்ணு, அதாவது கடைசிக் கோடு ரெண்டு மீட்டர் தள்ளி வரும். 12 வரைக்கும் நம்ம நாட்டுக் கடல், 24 வரைக்கும் சுங்கம், குடியேற்றம் மாதிரி சில விஷயத்துக்கு மட்டும் நாம சோதனை போடலாம், 200 வரைக்கும் மீனும் எண்ணெயும் நமக்கு, ஆனா கப்பல் போக எல்லாருக்கும் வழி உண்டு. இப்போ 20.5-ல ஒரு தீப்பெட்டியை வைங்க, சம்பவம் நடந்தது அங்கதான். 12-ஐத் தாண்டியாச்சு, 24-க்குள்ள இருக்கு. சண்டை எதுக்கு வந்துச்சுன்னு பார்க்கறவங்களுக்கே தெரிஞ்சிரும்.

அடுத்தது கஷ்டமான வேலை, இத்தாலி பக்கம் பேச ஒரு ஆளை முன்கூட்டியே தயார் பண்ணணும். "எங்க கொடி கட்டின கப்பல், 12 மைலுக்கு வெளிய, அரசாங்க வேலையில இருந்தவங்க"ன்னு அவர் சொல்லும்போது கூட்டத்துல கோபம் வரும், வரட்டும், செத்தது நம்ம ஆளு. ஆனா பேச்சை வெட்ட விடாதீங்க, ஆளுக்கு மூணு நிமிஷம், கடிகாரம் பிடிக்க ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. எதிராளி என்ன சொல்லப் போறான்னு தெரியாம எந்த நாடும் பேச்சுவார்த்தை மேசைல உக்காராது, நமக்கும் அந்தப் பழக்கம் வேணும்.

கைதூக்கி ஓட்டு எடுத்த பிறகுதான் தீர்ப்பைச் சொல்லணும், முன்னாடி சொன்னா யாரும் யோசிக்க மாட்டாங்க. 2020-ல சர்வதேச நடுவர் மன்றம் சொன்னது என்னன்னா, ரெண்டு நாட்டுக்கும் அதிகாரம் உண்டு, ஆனா அவங்க அரசாங்கப் பணியில இருந்ததால இந்தியக் கோர்ட் விசாரிக்க முடியாது, இத்தாலி நஷ்டஈடு கொடுக்கணும். 10 கோடி ரூபா வந்துச்சு, 2021 ஜூன்ல சுப்ரீம் கோர்ட் இங்க உள்ள வழக்கை முடிச்சு வச்சுது. இதைச் சொன்னதும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டாங்க, நீங்களும் பேசாதீங்க, மைக்கை அவசரப்பட்டு எடுக்காதீங்க. அப்புறம் வர்ற கேள்விகள்தான் அந்தக் கூட்டத்தோட உண்மையான பேச்சு, ஒண்ணு விடாம நோட்டுல எழுதுங்க.

அடுத்த தலைப்பைக் கடலுக்குப் போறவங்ககிட்டயே கேளுங்க. தூத்தூர்ப் பக்கம்னா டியாகோ கார்சியான்னு வரும், இந்தியப் பெருங்கடல்ல சாகோஸ் தீவுகள்ல ஒண்ணு அது, ஆழ்கடல் போட்டுக்காரங்களுக்கு அந்தப் பேரு நல்லாத் தெரியும். 2025 மே மாசம் சாகோஸ் தீவுகளை மொரீஷியஸுக்குக் கொடுக்க பிரிட்டன் ஒப்பந்தம் போட்டுச்சு, அங்க வலையோட போனா இனி நம்மளைப் பிடிக்கப் போறது யாருன்னு கேப்பாங்க. படிச்சுட்டு வர ரெண்டு பேரை அங்கயே பொறுப்பாக்கிட்டு, பிறகு தேதி குறிங்க.