நூறு வேறு, நூற்றி வேறு: போனில் பேசும் குரலைப் பதிவு செய்வது

குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடை. தோட்டக்காரர்கள் போன் செய்தால் எத்தனை கிலோ போட்டிருக்கிறார்கள், எவ்வளவு பணம் வர வேண்டும் என்று பதிவுக் குரல் சொல்லும். அந்தக் குரல் என்னுடையது. முதல் வாரமே கம்பம்மெட்டிலிருந்து ஒரு பெரியவர் நேரில் வந்துவிட்டார். "நூறா, ஐம்பதாப்பா? ஒண்ணச் சொல்லுங்க" என்றார். அவர் கணக்கில் இருந்தது 150 கிலோ. நான் 'நூறு', 'ஐம்பது' என்று தனித்தனியே பதிந்து ஒட்டியிருந்தேன். ஒரு மனுஷரை ஜீப் ஏறி வர வைத்துவிட்டோமே என்று அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

ஆங்கிலத்தில் ஹண்ட்ரட் எங்கே நின்றாலும் ஹண்ட்ரட்தான். தமிழில் நூறு, பின்னால் ஓர் எண் வந்தால் நூற்றி ஆகிவிடும். ஆயிரம், ஆயிரத்தி ஆகிவிடும். எழுத்தில் நூற்று, ஆயிரத்து என்பதே முறை. ஆனால் மலையில் கேட்பவர்களுக்கு வாயில் புழங்கும் வடிவம்தான் சட்டென்று புரிகிறது. எதை எடுத்தாலும் கடைசிவரை அதையே சொல்லுங்கள்.

ஆகவே, 1 முதல் 99 வரை ஒவ்வொன்றையும் முழுசாகப் பதியுங்கள். இருபத்தி என்பதோடு மூன்றை ஒட்டும் வேலையே வேண்டாம். நூறு முதல் தொள்ளாயிரம் வரை ஒன்பதுக்கும் இரண்டிரண்டு வடிவம்: இருநூறு, இருநூற்றி என்று. ஆயிரங்களுக்கும் அப்படியே. பூஜ்ஜியத்தையும் சேர்த்தால் 136 பதிவுகள். 9,999 வரை எந்த எண்ணையும் சொல்லிவிடலாம். நூற்றி என்பதைக் குரல் இறங்காமல், அடுத்த சொல்லுக்குக் கை நீட்டுவது போல நிறுத்த வேண்டும். தனியாக அப்படிச் சொல்ல வராது. 'நூற்றி ஐம்பது' என்று முழுசாகச் சொல்லிப் பின்பாதியை வெட்டிவிடுங்கள்.

பதிவுக் குரல் பேச வேண்டிய வரிகளை எழுதும்போது வேலையை முதலில், அழுத்த வேண்டிய எண்ணைப் பிறகு: "கணக்கு அறிய ஒன்றை அழுத்தவும்." தமிழுக்கு இந்த வரிசை தானாகவே வருகிறது. மொழி கேட்கும் இடத்தில் அந்தந்த மொழியிலேயே கேளுங்கள். "மலையாளத்தினு ரண்டு அமர்த்துக" என்று சொல்ல ஒரு மலையாளியையே கூப்பிட்டேன்.

சாதாரண போன் லைன் ஏறக்குறைய 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியைத்தான் கடத்தும். 'ஸ்' சத்தத்தின் பெரும்பங்கு அதற்கு மேலே இருக்கிறது. என் 'ஸ்டாக்' போனில் 'டாக்' ஆகிவிட்டது. 'இருப்பு' என்று மாற்றினேன்.

இங்கே ஆனி, ஆடியில் தகரக் கூரையில் மழை. மழை விட்டால் சில்வண்டு. சில்வண்டை மென்பொருளால் அழிக்கப் பார்த்தால் குரலும் தகரம் போல ஆகிவிடும். இரவு பத்துக்கு மேல், ஜன்னலை மூடி, கம்பளியை மைக்குக்குப் பின்னும் எனக்குப் பின்னும் தொங்கவிட்டுப் பதிவேன். வாய்க்கும் மைக்குக்கும் ஒரு சாண். எல்லா எண்களையும் ஒரே இரவில் முடித்துவிடுங்கள்; மறுநாள் குரல் வேறு.

வெட்டி ஒட்ட ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருள் போதும், இலவசம். 44,100 ஹெர்ட்ஸில் (இங்கே ஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள் என்ற கணக்கு) மோனோவாக, அதாவது ஒற்றைத் தடமாகப் பதிந்து, அதிலேயே எல்லாத் திருத்தமும் செய்யுங்கள். வெட்டும் இடத்தில் இசட் விசையைத் தட்டினால் அலை பூஜ்ஜியத்தைத் தொடும் இடத்துக்குக் குறி நகரும், 'டிக்' சத்தம் வராது. முன்னும் பின்னும் நீண்ட மௌனம் விடாதீர்கள், எண்கள் துண்டு துண்டாகக் கேட்கும். எல்லாப் பதிவையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்த பிறகு, கடைசி வேலையாக 8,000 ஹெர்ட்ஸ், 16 பிட் வேவ் கோப்பாக மாற்றுங்கள். போன் அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டெரிஸ்க் போன்ற மென்பொருள்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும்.

ஹெட்போனில் கேட்டுத் திருப்தி அடைந்துவிடக் கூடாது. பட்டன் போனிலிருந்து, ஓடும் ஜீப்பில் உட்கார்ந்து கூப்பிட்டுப் பாருங்கள். நான் 101, 150, 999, 1,005, 2,345 ஆகிய ஐந்தையும் சொல்ல வைத்துக் கேட்பேன். ஒட்டுகளில் பிசகு இருந்தால் இவற்றில் தெரிந்துவிடும். மூலப் பதிவை அழிக்காதீர்கள். மைக் நின்ற இடத்தில் தரையில் ஒரு டேப் ஒட்டி வையுங்கள். அடுத்த சீசனில் கடைக்காரர் இன்னும் ஒரு வரி சேர்க்கச் சொல்வார்.