சாவி திருகினால் வெறும் 'டக்' சத்தமா? ஹெட்லைட்டைப் பாருங்கள்

கார் ஸ்டார்ட் ஆகாமல் 'டக்' என்று மட்டும் சத்தம் வந்தால், ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருகுங்கள். வெளிச்சம் அடியோடு மங்கினால் பெரும்பாலும் கோளாறு பேட்டரியிலோ அதன் டெர்மினலிலோதான் (வயர் மாட்டும் முனை). மங்கவே இல்லையா? எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார், அதற்குக் கரண்ட் விடும் சுவிட்சான சொலினாய்டு, அவற்றுக்குப் போகும் வயர் பக்கம் பாருங்கள். புது பேட்டரிக்குக் காசு போட வேண்டாம்.

ஸ்டார்ட்டர் சுற்றும்போது நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சோர்ந்த பேட்டரியில் அந்தச் சுமைக்கு வோல்டேஜ் சரிந்து விளக்கும் படுத்துவிடும். விளக்கு அசையவில்லை என்றால் அந்தக் கரண்ட் மோட்டாருக்குள் போகவே இல்லை.

மங்கினாலும் உடனே கடைக்கு ஓடாதீர்கள். சென்னையில் கடலோரமான திருவான்மியூர், பெசன்ட் நகர் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளில் டெர்மினல் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்துக் கிடக்கும். மைனஸ் வயரை முதலில் கழற்றி, சோடா உப்பு கலந்த வெந்நீரில் கழுவித் துடைத்து, இறுக்கி மாட்டிப் பாருங்கள். பாதி வண்டிகள் இதிலேயே கிளம்பிவிடும் என்பது என் கணக்கு.

ஸ்டார்ட் ஆகும்போது ஹெட்லைட்டைத் தானாக அணைக்கும் கார்களில் இது உதவாது; உள்விளக்கைக் கவனியுங்கள். அப்புறம், பேட்டரி முழு சார்ஜுக்கான 12.6 வோல்ட் காட்டி, டெர்மினலும் சுத்தமாக இருந்து, அப்போதும் மங்கினால் ஸ்டார்ட்டரே இறுகியிருக்கலாம்.