உயிர் தப்பி வந்த நண்பரிடம் செய்யக்கூடாதவை

சாலை விபத்து, படகு கவிழ்தல், பட்டாசு ஆலைத் தீ. இவற்றில் உயிர் பிழைத்த ஆணைத் தேற்ற முதலில் ஓடி வருகிறவர்கள் நண்பர்கள்தான். நல்ல மனதோடு அவர்கள் செய்யும் சிலவே காயத்தை ஆறவிடுவதில்லை.

"என்ன நடந்துச்சுன்னு முழுசாச் சொல்லுடா, மனசு லேசாகும்" என்று வற்புறுத்துவது பெரிய தவறு. சூட்டோடு சூடாக உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனமே வேண்டாம் என்கிறது. பின்னால் வரும் பாதிப்பை அது தடுப்பதில்லை. சிலருக்குக் கூட்டியும் விடுகிறது. அவராகப் பேசினால் குறுக்கிடாமல் கேளுங்கள். பேசாவிட்டால் சாப்பாடு, தூக்கம், காப்பீட்டுத் தாள், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று கண்ணெதிரே நிற்பதைக் கவனியுங்கள்.

மறக்கட்டுமே என்று டாஸ்மாக்குக்குக் கூட்டிப்போகாதீர்கள். குடித்ததும் தூக்கம் வரும், பின்னிரவில் கலைந்துவிடும்.

முதல் இரண்டு வாரம் வீடு கொள்ளாத கூட்டம், அப்புறம் எட்டிப்பார்க்க ஆளில்லை. "எதுனாலும் கூப்பிடு" என்றால் பெரும்பாலான ஆண்கள் கூப்பிட மாட்டார்கள். கிழமையும் நேரமும் குறித்துவிடுங்கள்: செவ்வாய் மாலை 6 மணி, இரண்டு மூன்று பேர், கையில் ஒரு வேலை. பைக் செயினைக் கழற்றிக் கழுவலாம், வலையின் கிழிசலைத் தைக்கலாம். ஆண்கள் கூடிக் கைவேலை செய்யும் ஆஸ்திரேலியாவின் 'மென்ஸ் ஷெட்' பட்டறைகள் இப்படித்தான் நடக்கின்றன. எதிரெதிரே உட்கார்ந்தால் வாயடைத்துப் போகிறவர், பக்கத்தில் குனிந்து செயினைத் துடைக்கும்போது ஒரு வரி சொல்வார். அதற்கு உடனே புத்திமதி சொன்னால் அடுத்த வரி வராது. "கஷ்டந்தாண்டா" என்றுவிட்டுத் துடைத்துக்கொண்டே இருங்கள். அங்கே கேட்டது டீக்கடைக்கோ வாட்ஸ்அப்புக்கோ போகவே கூடாது.

தற்கொலை பற்றிக் கேட்டால் எண்ணம் வந்துவிடும் என்று பயப்படுகிறார்கள், அப்படி வராது. இந்தியாவில் தற்கொலையால் இறப்பவர்களில் 10 பேருக்கு 7 பேர் ஆண்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தையும் மாத்திரைகளையும் வீட்டைவிட்டு அகற்றுங்கள், அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனாஸ் 14416 எண்ணை அவர் பக்கத்தில் இருந்தே அழையுங்கள். உயிருக்கு ஆபத்தென்றால் 108.

ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவு, சின்னச் சத்தத்துக்கும் திடுக்கிடல், அந்தச் சாலைப் பக்கமே போக மறுத்தல் இருந்தால் நட்பு மட்டும் போதாது. மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். "போய்ப் பாரு" என்று சொல்லி அனுப்பினால் வாசலோடு திரும்பிவிடுவார்கள். நீங்களே சீட்டு வாங்கி வரிசையில் நில்லுங்கள். கொஞ்சம் தேறியதும் பலர் மாத்திரையைத் தாமாக நிறுத்திவிடுவதால், அடுத்து வரச்சொன்ன தேதியை உங்கள் போனிலும் குறித்துக்கொள்ளுங்கள்.