குவில்ட் ஷோவுக்குப் போறீங்களா? நான் பண்ணின தப்பயெல்லாம் நீங்க பண்ணாதீங்க

மொதல் தடவ குவில்ட் ஷோவுக்கு, அதாவது அடுக்குத் துணி வச்சுத் தச்ச போர்வைங்க கண்காட்சிக்குப் போனப்போ முழு ஹாலையும் ஒரு மணி நேரத்துல சுத்தி முடிச்சுட்டு "எல்லாம் கலர் கலரா சூப்பரா இருக்கு"ன்னு வெளிய வந்தவ நான். புடவக் கடைல கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டுத் திரும்பின மாதிரிதான் அது. குவில்ட்டுன்னா மேல தெரியற ஒட்டுத்துணி டிசைன் மட்டும்தான்னு நெனச்சுட்டு இருந்தேன், ஆனா அது மூணு அடுக்கு. மேல டிசைன், நடுவுல பேட்டிங்னு சொல்ற பஞ்சு, அடில பின்துணி. இந்த மூணையும் சேத்துப் பிடிக்கற தையலுக்குத்தான் குவில்ட்டிங்னே பேரு. நான் அந்தத் தையல ஒன்னுகூட பாக்கல.

எல்லாரும் பண்ற தப்பு தொடறது. "கை சுத்தமாத்தான இருக்கு"ன்னு தோணும், எனக்கும் தோணுச்சு. ஆனா கழுவின கைலயும் வேர்வையும் எண்ணெய்ப் பசையும் இருக்கும், லோஷன் போட்டிருந்தா கேக்கவே வேணாம், அது துணில ஏறினா உடனே தெரியாது, நாள் ஆக ஆகத்தான் கறையா வரும், நீங்க ஒருத்தர் லேசா தொட்டீங்க சரி, உங்களுக்குப் பின்னாடி வர்ற நூறு பேரும் அதே மூலையத்தான் லேசா தொடுவாங்க. இன்னொன்னு, பெரிய குவில்ட்ட எல்லாம் பின்பக்கம் மேல் ஓரத்துல குழாய் மாதிரி ஒரு துணி தச்சு அதுக்குள்ள கம்பி விட்டுத் தொங்க விட்டிருப்பாங்க, மொத்த எடையும் அந்தத் தையல்லதான் நிக்குது. கீழ பிடிச்சு இழுத்தா எங்க போய் வாங்கும்னு யோசிங்க. தோள்ல மாட்டின பேகோட சட்டுன்னு திரும்பறதும் இதே கேஸ்தான், ஜிப்பு, மோதிரம், வளையல் எல்லாம் நூல்ல மாட்டும். குறிப்பு எழுதணும்னா பென்சில் எடுத்துட்டுப் போங்க, பேனா வேணாம்.

அப்ப பின்பக்கம் பாக்கவே முடியாதான்னா, முடியும், கேக்கணும் அவ்ளோதான். நெறைய ஷோல வெள்ளை கிளவுஸ் போட்ட வாலன்டியர்ஸ் சுத்திட்டு இருப்பாங்க, கேட்டா மூலைய மெதுவா திருப்பிக் காட்டுவாங்க, அவங்க வேலையே அதுதான். இதக் கேக்கறதுக்குக் கூச்சப்பட்டதுதான் நான் பண்ணினதுலயே பெரிய முட்டாள்தனம். கைத்தையல்னா பின்னாடியும் முன்னாடி மாதிரியே தையல் ஒரே அளவா விழுந்திருக்கணும். நல்ல கை இருக்கறவங்க இன்ச்சுக்கு 10, 12 தையல் போடுவாங்க, மூணு அடுக்கையும் ஊசில கோத்துக்கிட்டே. வீட்ல ஒரு கிழிஞ்ச தலகாணி உறைல ட்ரை பண்ணிப் பாருங்க, எனக்கு ஆறு வர்றதே பெரும்பாடு.

அடுத்தது, எல்லாத்தையும் ஒரே தூரத்துல நின்னு பாக்கறது. பத்தடி தள்ளி நின்னாத்தான் டிசைன் புரியும், கிட்ட போனாத்தான் தையல் தெரியும், ரெண்டும் வேணும். ரெண்டாவது வருஷம் ஒரு ஷோல முழு வெள்ளையா ஒரு குவில்ட் தொங்குச்சு, ஒட்டு இல்ல, கலர் இல்ல, "இத எதுக்கு மாட்டி வச்சிருக்காங்க"ன்னு தாண்டிப் போயிட்டேன். ஒரு பத்து ஸ்டெப் போய் எதுக்கோ திரும்பினப்போ பக்கவாட்டுல இருந்து லைட் விழற கோணத்துல அது கண்ல பட்டுச்சு பாருங்க, துணி முழுக்க இறகு இறகா சுருண்டு எழும்பி நிக்குது, நடுவுல ஒரு மாலை, அதச் சுத்தி கட்டம் கட்டமா சன்னமா தையல், தையல் நெருக்கமா இருக்கற எடம் அமுங்கி, தைக்காம விட்ட எடம் உப்பி, மொத்த டிசைனும் வெறும் நிழல்தான். இதுக்கு ஹோல்கிளாத்னு பேராம். அதுல இருந்து எந்த குவில்ட்டா இருந்தாலும் நேரா ஒரு தடவ, சைடுல இருந்து ஒரு தடவ பாக்காம நகர்றதில்ல.

"ஓ மெஷின்ல போட்டதா" அப்படின்னு ஒரு இழுவை இழுப்பாங்க சிலர், அத மட்டும் பண்ணாதீங்க. வீட்டு தையல் மெஷின்ல பண்றவங்க கட்டில் சைஸ் குவில்ட்ட சுருட்டிச் சுருட்டி அந்தக் குட்டி இடுக்குல திணிச்சுத் தைக்கணும். லாங்ஆர்ம்னு குவில்ட்டிங்குக்குன்னே இருக்கற பெரிய மெஷின்ல துணி ஃப்ரேம்ல நிக்கும், மெஷின் தல நகரும், கிட்டத்தட்ட துணி மேல படம் வரையற மாதிரி. கம்ப்யூட்டர் ஓட்டறதும் உண்டு. பொதுவா கைத்தையலா மெஷினா, எந்தப் பிரிவுன்னு பக்கத்துல கார்டுல இருக்கும், மேல் டிசைன ஒருத்தர் ஒட்டி இன்னொருத்தர் குவில்ட் பண்ணியிருந்தா அந்த ரெண்டு பேரோட பேரும் இருக்கும், அதப் படிச்சுட்டு அப்பறம் பேசலாம்.

குறை கண்டுபிடிக்கற ஆர்வமும் கொஞ்ச நாள்ல வந்துரும், எனக்கு ஜாஸ்தியாவே வந்துச்சு. நட்சத்திர முனை வெட்டுப்பட்டிருக்கா, நாலு மூலையும் சரியா சேருதான்னு. நியாயம்தான், ஓரத்துல கால் இன்ச் விட்டுத் தைக்க வேண்டிய எடத்துல 1 மில்லிமீட்டர் கூடுதலா உள்ள போனா ரெண்டு பக்கத் துணிலயும் சேத்து 2 மில்லிமீட்டர் போயிரும், வரிசைல 15 தையல் இருந்தா 3 சென்டிமீட்டர் காலி. அதனால எல்லாம் கரெக்டா வந்து உக்காந்திருந்தா கைய எடுத்துக் கும்பிடலாம். ஆனா கோணல் எல்லாமே தப்புன்னு முடிவு கட்டிராதீங்க. அமெரிக்கால அலபாமா பக்கம் ஜீஸ் பெண்ட்னு ஒரு ஊரு, அங்க கறுப்பினப் பெண்கள் பழைய வேல உடுப்பக் கிழிச்சு நேர்கோடே இல்லாம தச்ச குவில்ட்டெல்லாம் 2002ல ஹூஸ்டன், நியூயார்க் மியூசியங்கள்ல சுவத்துல தொங்குச்சு, 2006ல தபால் தலையாவே வந்துச்சு. ஸ்கேல் வச்சு அளந்திருந்தா போட்டில மொதல் ரவுண்டுலயே வெளிய தள்ளியிருப்போம்.

வாயக் கொஞ்சம் அடக்கணும், இது எனக்கு நானே சொல்லிக்கறது. ஒரு தடவ சாம்பலும் நீலமும் கோடு போட்டதுமா மங்கலா ஒன்னு இருந்துச்சு, கூட வந்தவகிட்ட "இந்தக் கலரெல்லாம் யாரு செலக்ட் பண்ணுவா"ன்னு சத்தமாவே கேட்டுட்டேன். அப்பறம்தான் கார்டப் படிக்கறேன், அப்பாவோட ஆபீஸ் சட்டைங்க, அவரு போனதுக்கப்பறம் பொண்ணு தச்சது. ஒரு சதுரத் துண்டுல சட்டப் பாக்கெட்ட அப்படியே விட்டிருந்தாங்க, அடில இங்க் ஒழுகின கறையோட. தச்சவங்க பின்னாடிதான் நின்னாங்களான்னு எனக்குத் தெரியாது, திரும்பிப் பாக்கற தைரியம் வரல. ஷோல அவங்களும் சாதாரணமா நம்மள மாதிரிதான் சுத்திட்டு இருப்பாங்க. "இதே மாதிரி எனக்கு ஒன்னு பண்ணித் தர்றீங்களா"ன்னு கேக்கறதும் வேணாம், மாசக்கணக்கு வேல அது.

போட்டோவுக்கு ஒவ்வொரு ஷோலயும் ரூல் வேற வேற, வாசல்லயே கேட்டுக்கங்க, சில குவில்ட்ல எடுக்காதீங்கன்னு போர்டே இருக்கும். எடுக்க விட்டா மொதல்ல கார்ட ஒரு போட்டோ எடுத்துட்டு அப்பறம் குவில்ட்ட எடுங்க. இல்லாட்டி வீட்டுக்கு வந்து எது யாரோடதுன்னே தெரியாது, எங்கயாவது ஷேர் பண்ணும்போது பேரு போட முடியாது, பேரு இல்லாம போடறது தப்பு.

கடைசியா ஓட்டுச் சீட்டு. பார்வையாளர் சாய்ஸ்னு ஒரு பரிசு இருந்தா உள்ள நுழையும்போதே சீட்டு குடுப்பாங்க, மொதல் வரிசைலயே ஏதோ ஒன்ன எழுதிப் பெட்டில போட்டுட்டு அப்பறம் உள்ள போய் தலைல அடிச்சுக்காதீங்க. பிடிச்சதுக்கெல்லாம் நம்பர் குறிச்சுக்கிட்டே வாங்க. அந்த வெள்ள குவில்ட்டுக்கு ஓட்டுப் போடணும்னு நெனச்சு நம்பர் குறிக்காம விட்டு மறுபடி மூணு வரிசை தேடி அலைஞ்சேன், நேரா பாத்தா வெறும் வெள்ளத் துணிதான, அதையே ரெண்டு தடவ தாண்டிப் போயிருக்கேன்.