தண்டுவடக் காயத்துக்குப் பின் சிறுநீர்க் கசிவு: சோதனைச் சிகிச்சையில் சேருமுன்

முதலில் சிறுநீர்ப்பை அழுத்தத்தை அளக்கும் யூரோடைனமிக்ஸ் பரிசோதனை எடுத்து, ரிப்போர்ட்டின் நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். துணி நனைவது எல்லோருக்கும் தெரியும், சிறுநீர்ப்பைக்குள் ஏறும் அழுத்தம் யாருக்கும் தெரியாது, ஆனால் சிறுநீரகத்தைக் கெடுப்பது அதுதான். கசிவு தொடங்கும்போது அழுத்தம் 40 செ.மீ. நீரளவைத் தாண்டினால் ஆபத்து என்று மருத்துவர்கள் பார்ப்பார்கள். அதனால் எந்தப் புதுச் சிகிச்சையானாலும், "கசிவு நிற்குமா?" என்பதோடு "அழுத்தம் குறையுமா?" என்றும் கேளுங்கள்.

ஏற்கெனவே நிரூபணமானதை முயன்று பார்த்தாயிற்றா? நேரம் தவறாமல் கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றும் குழாய்) போடுவது, சிறுநீர்ப்பையைத் தளர்த்தும் சோலிஃபெனசின் போன்ற மாத்திரைகள், அப்புறம் சிறுநீர்ப்பைச் சுவரில் போடும் போடாக்ஸ் ஊசி. போடாக்ஸும் ஒரு காலத்தில் சோதனைதான். 2011இல் அமெரிக்காவில் இந்தப் பிரச்சினைக்கே அனுமதி கிடைத்தது. சில மாதங்களில் பலன் தேய்ந்துவிடும், திரும்பப் போட வேண்டும்.

சோதனையில் இருப்பவற்றை, பிடிக்காவிட்டால் திரும்பி வர முடியுமா என்று பார்த்து வரிசைப்படுத்துங்கள். கணுக்கால் நரம்புக்குத் தோல் மேல் ஒட்டும் மின்தூண்டல் வேண்டாமென்றால் கழற்றிவிடலாம். முதுகெலும்புக்குள் மின்முனை வைப்பது அறுவை சிகிச்சை, கிருமித்தொற்று வரலாம், கருவி பழுதானால் மறுபடி திறக்க வேண்டும். சீன மருத்துவர் ஷியாவ் சுவான்குவோ கொண்டுவந்த, காலுக்குப் போகும் நரம்பு வேரை வெட்டிச் சிறுநீர்ப்பை நரம்போடு இணைக்கும் முறையில் வெட்டியது வெட்டியதுதான். காலில் கொஞ்சம் பலம் மிச்சமிருப்பவர்கள் அதையும் இழக்கலாம்.

ஸ்டெம் செல் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி தண்டுவடக் காயத்துக்கு அதை அனுமதி பெற்ற ஆய்வில் மட்டுமே தரலாம், பணம் வாங்கக் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், நிலத்தை விற்காதீர்கள். உண்மையான ஆய்வு என்றால் இந்தியாவின் மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யின் பதிவு எண் இருக்கும். கேட்டு வாங்கி, அந்தத் தளத்தில் நீங்களே தேடுங்கள். ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவச மருத்துவமும் இழப்பீடும் உண்டா என்று ஒப்புதல் படிவத்தில் படித்துப் பாருங்கள், அவசரப்படுத்தினால் கையெழுத்துப் போடாதீர்கள்.

காயம் டி6 (தண்டுவடத்தின் மார்புப் பகுதியில் ஆறாவது மட்டம்) அல்லது அதற்கு மேலே என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சிறுநீர்ப்பை நிரம்பும்போதோ மின்தூண்டலின்போதோ தலை விண்விண்ணென்று வலித்து, வியர்த்து, ரத்த அழுத்தம் எகிறலாம். உடனே நிறுத்தச் சொல்லி, நிமிர்ந்து உட்கார வைத்து, சிறுநீர்ப்பையைக் காலி செய்ய வேண்டும்.

சிகிச்சைக்குப் பின் கசிவு நின்றாலும், மறுபடி யூரோடைனமிக்ஸ் எடுத்து மருத்துவர் சொல்லும்வரை கதீட்டர் நேரத்தை நீங்களாகத் தள்ளிப் போடாதீர்கள்.